அப்புத்தளை தந்த கிற்றார்க் கலைஞர்

இசை என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவன கோயிலும் கச்சேரி மேடையுமே. தேவாரப் பண்களைப் பற்றியும் சங்கீத மும்மூர்த்திகளைப் பற்றியும் கல்லூரி மலர்களில் கட்டுரைகள் பல வந்துள்ளன, இனியும் வரவேண்டும். ஆயினும், தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மணவீட்டிலும் நாள்தோறும் நம் செவியில் விழும் மெல்லிசையை ஆராய்வோர் அரியர். அஃது இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. ஒதுக்கப்பட்ட அப்பொருளை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. இந்நாட்டு மெல்லிசையின் போக்கையே மாற்றியமைத்த மின்கிற்றார்க் கலைஞர் ஒருவர் நம் பதுளை மாவட்டத்திலே, நாம் நன்கறிந்த அப்புத்தளை மலையிலே பிறந்தவர். அவர்தாம் கிளரன்ஸ் விஜேவர்த்தன.

அவர் பாடியவை சிங்களப் பாடல்கள். அவரைக் கொண்டாடியோரிற் பெரும்பாலோர் சிங்கள மக்கள். அவ்வாறாயின் தமிழ் மாணவர்க்கு அவர் வரலாறு எற்றுக்கு என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை இதுவே: ஓர் இசைக்கருவி எந்நாட்டில் தோன்றியது என்பது அதன் பிறப்பை மட்டுமே சொல்லும்; எம்மக்களின் பாட்டை அது பாடுகின்றது என்பதே அதன் குடியுரிமையைச் சொல்லும். இவ்வுண்மையை விளக்குவதற்கு இவர் வாழ்க்கையினும் சிறந்த சான்று நம் அயலிற் கிடைப்பது அரிது. குடியுரிமை என்னும் சொல்லின் பொருளைத் துன்பத்தால் உணர்ந்த மலையக மக்களுக்கு இச்சான்று பிறரினும் நெருங்கியது.

மலையும் மனிதரும்

அப்புத்தளை ஒரு மலைமுகடு. அங்கு நின்று தெற்கே நோக்கினால் நிலம் படிப்படியாய்த் தாழ்ந்து சமவெளியாய் விரிவதைக் காணலாம். வடக்கே நோக்கினால் ஊவாவின் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுவதைக் காணலாம். 1893 ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை இவ்வூரை அடைந்தது. அடுத்த ஆண்டில் அது பண்டாரவளைக்குச் சென்றது. பதுளையை அடைவதற்கோ 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோப்பியை அழித்த நோயின்பின் தேயிலை பரவிய காலத்தில், 1890 இல், தோமஸ் லிப்டன் என்பார் இவ்வூருக்கு அணித்தாயுள்ள தம்பேதன்னையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டுவித்தார். இவ்வாறு அப்புத்தளை உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்ட ஊராயிற்று. மலையில் விளைந்த கொழுந்து கடல் கடந்து சென்றது. கடல் கடந்த பொருள்களும் பாட்டுகளும் அதே பாதையால் மலைக்கு ஏறி வந்தன.

இத்தகைய ஊரில் 1943 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3 ஆம் நாள் கிளரன்ஸ் விஜேவர்த்தன பிறந்தார். அவர் தந்தையார் தோட்ட வைத்தியப் பணியில் இருந்தவர். தோட்டத்து வாழ்வை அறிந்தார்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். துரையின் பங்களா ஓர் உலகம்; லயங்கள் மற்றோர் உலகம். கணக்கப்பிள்ளை, ஆசிரியர், வைத்தியர் என்போர் இவ்விரண்டுக்கும் இடையே வாழ்ந்தவர். பங்களாவின் கிராமபோன் ஒலியும் லயத்துத் தப்பொலியும் ஒருங்கே சென்றெட்டும் இடம் அஃது. இவ்வோசைகளே பிற்காலத்தில் அவருடைய இசையாயின என்று முடிவுகட்டுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. எனினும், பல மொழியும் பல இசையும் கலந்து வாழ்ந்த ஒரு சூழலிலே அவர் பிறந்தார் என்பது மறுக்கவொண்ணாதது.

கருவியின் இயல்பு

கலைஞரின் பணியை அறியுமுன் அவர் கையாண்ட கருவியின் இயல்பை அறிதல் நலம். நரம்புக்கருவி தமிழர்க்குப் புதியதன்று. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் நால்வகை யாழ்களைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். மறைந்துபோன அவ்யாழ்களின் இலக்கணத்தை நம் நாட்டவராகிய சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலாக வெளியிட்டார். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. வீணையிலோ நரம்பின் கீழே மெட்டுகள் அமைந்திருத்தலின், ஒரே நரம்பை வெவ்வேறிடத்தில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். கிற்றாரும் இவ்வகையில் வீணையின் இனத்தைச் சார்ந்ததே. ஆறு நரம்புகளும் அவற்றின் கீழே வரிசையாய்ப் பதிக்கப்பெற்ற மெட்டுகளும் அதன் உறுப்புகள். வீணைக்கலைஞர் நரம்பை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுவது போலவே, கிற்றார்க் கலைஞரும் நரம்பை வளைத்து ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வர்.

ஆயினும் பழைய மரக்கிற்றாருக்கு ஒரு குறை இருந்தது. அதன் ஒலி மெலிது. ஊதுகருவிகளும் முரசுகளும் முழங்கும் குழுவில் அதன் தனிச்சுரம் செவிக்கு எட்டாது. ஆகவே அது பல நரம்புகளை ஒருசேர மீட்டித் தாளத்துக்குத் துணைநிற்கும் கருவியாகவே அமைந்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இக்குறை நீங்கியது. எஃகு நரம்புகளின் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் பொருத்தப்பட்டன. நரம்பு அதிரும்போது காந்தப்புலம் மாறுபட, அம்மாற்றம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. இம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கி வாயிலாக வெளிப்படுத்தினால் ஒரு நரம்பின் மென்மையான அதிர்வும் மண்டபத்தை நிறைக்கும். பரடே கண்ட மின்தூண்டல் விதியைப் பௌதிக வகுப்பிற் கற்கும் மாணவர், அவ்விதியே ஓர் இசைக்கருவியின் உயிராக இருத்தலை இங்குக் காணலாம். பித்தளை நரம்போ நைலோன் நரம்போ இதற்குப் பயன்படாது. காந்தத்துக்கு வசப்படும் எஃகே வேண்டும்.

இம்மாற்றத்தின் விளைவு பெரிது. துணைக்கருவியாக இருந்த கிற்றார் தலைமைக் கருவியாயிற்று. ஒரு குழுவில் மூவகைக் கிற்றார்கள் இடம்பெறலாயின. ஒன்று, தாளத்தோடு இயைந்து சுரக்கூட்டங்களை மீட்டுவது. மற்றொன்று, தடித்த நரம்புகளால் கீழ்ச்சுரங்களை ஒலித்து அடித்தளம் இடுவது. மூன்றாவது, தனிச்சுரங்களால் பாட்டின் முகவுரையையும் இடையிசையையும் வாசித்துப் பாடகரோடு உரையாடுவது. இம்மூன்றாவதை வாசிப்பவரே முதன்மைக் கிற்றார்க் கலைஞர் எனப்படுவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனி இலக்கணம் கூறப்பட்டிருத்தலைக் கற்றோர் அறிவர். ஒருவரை ஒருவர் பின்பற்றியும் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பியும் இசைத்தல் குழுவிசையின் அறம் என்பதை இளங்கோவடிகள் அன்றே உணர்த்தினார். நான்கு இளைஞர் கூடி மீட்டும் கிற்றார்க் குழுவுக்கும் அவ்வறம் பொருந்தும்.

அவர் வந்த காலம்

இனி, இக்கலைஞர் தோன்றிய காலத்து இசைநிலையை நோக்குவோம். 1950களில் நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. தேசிய இசை எது என்னும் வினா அறிஞரிடையே எழுந்தது. சிங்கள இசையுலகில் பலர் வட இந்திய இராக இசையைத் தம் முன்மாதிரியாகக் கொண்டனர். 1952 இல் வானொலிக் கலைஞர்களைத் தேர்ந்து தரம் பிரிப்பதற்காக இலக்னோவிலிருந்து பண்டிதர் இரத்தன்ஜன்கர் வரவழைக்கப்பட்டார். எளிய மெட்டுகளால் மக்கள் மனத்தைக் கவர்ந்திருந்த சுனில் சாந்த என்னும் கலைஞர் அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். அதனால் வானொலியை இழந்தார். ஒருபுறம் இராக இசையின் கட்டுப்பாடு. மறுபுறம் இந்தித் திரைப்பட மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்களை இட்டு நிரப்பும் வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையே இந்நாட்டு இளைஞர்க்கே உரிய மெல்லிசை ஒன்று பிறக்கவில்லை என்னும் குறை பலராலும் உணரப்பட்டது.

அக்குறையைத் தீர்க்கும் முயற்சி கிற்றாரோடு தொடங்கியது. நெவில் பெர்னாண்டோவின் தலைமையில் லொஸ் கபலேரோஸ் முதலிய குழுக்கள் மரக்கிற்றார்களை மீட்டித் தென் அமெரிக்க, கரிபிய இசைச்சாயலில் சிங்களப் பாடல்களைப் பாடின. அக்காலத்திலேயே மேனாட்டில் மின்கிற்றார் இசை பெருவெள்ளமாய்ப் பரவியது. இங்கிலாந்தின் ஷாடோஸ் குழுவைச் சேர்ந்த ஹாங்க் மார்வின், 1960 இல் பாடகர் குரலே இன்றி மின்கிற்றாரால் மட்டும் மெட்டைப் பாடிக்காட்டிப் பெரும்புகழ் எய்தினார். அவருக்குப்பின் பீட்டில்ஸ் குழுவினர் வந்தனர். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 முதல் ஆசியா முழுவதும் செவிமடுக்கப்பட்ட பெருநிலையம் ஆதலின், இவ்விசை நம் நாட்டு இளைஞரைத் தாமதமின்றி வந்தடைந்தது. கொழும்பு விடுதிகளில் ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் அதனை ஆங்கிலத்திற் பாடின. ஆயின் ஆங்கிலம் அறிந்தோர் சிலரே. மின்கிற்றார் நகரத்து விடுதியைக் கடந்து நாட்டார் வீட்டுக்குள் இன்னும் புகவில்லை. அதனைப் புகுவித்த பெருமை கிளரன்ஸ் விஜேவர்த்தனவுக்கே உரியது.

இசைப்பணி

மலையினின்று இறங்கிய அவ்விளைஞர்க்கு இரத்தினபுரியில் அனெஸ்லி மாலேவன என்னும் பாடகரின் நட்புக் கிடைத்தது. இருவரும் கூடி 1960களின் நடுப்பகுதியில் மூன்ஸ்ரோன்ஸ் என்னும் குழுவை அமைத்தனர். சந்திரகாந்தக் கல்லையும், பழைய விகாரைகளின் வாயிற்படியில் அரைவட்டமாய்ச் செதுக்கப்பட்டிருக்கும் சந்திரவட்டக் கல்லையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிப்பர். மேனாட்டுக் கருவியை ஏந்திய குழுவுக்கு இந்நாட்டு மண்ணையும் சிற்பத்தையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் அமைந்தமை பொருத்தமே.

இலங்கை வானொலியில் விஜய கொரயா நடத்திய 'சரவிட' என்னும் நிகழ்ச்சி இவர்களை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அந்நாளில் வானொலியே இளங்கலைஞர்க்கு அரங்கேற்ற மேடை. தொலைக்காட்சி அன்று இந்நாட்டுக்கு வரவில்லை. ஒரு மாலைப்பொழுதில் ஒலிபரப்பாகும் பாட்டு மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாயிலிலும் சந்தையிலும் முணுமுணுக்கப்படும். 'மேங்கோ நந்தா', 'ரோச மலே' முதலிய பாடல்கள் இவ்வாறே நாடெங்கும் பரவின. இந்திராணி பெரேராவின் குரலும் குழுவோடு சேர்ந்தபோது அதன் சுவை மேலும் பெருகியது. 1960களின் பிற்பகுதியில் ஜெரால்ட் விக்கிரமசூரிய நிறுவிய 'சூரிய' இசைத்தட்டு நிறுவனம் இப்பாடல்களைத் தட்டுகளாக வெளியிட்டது. வானொலியில் காற்றோடு கலந்துபோகும் பாட்டு இசைத்தட்டில் நிலைபெற்றது.

அவர் செய்த புதுமை யாது? மின்கிற்றாரை மேடைக்குக் கொண்டுவந்தமை மட்டுமன்று. பொருளைக் கொண்டுவருதல் வணிகரும் செய்யக்கூடியதே. அவர் செய்தவை மூன்று எனலாம்.

முதலாவது, கிற்றாருக்குப் பாட்டில் ஒரு நிலையான இடத்தை வகுத்தமை. இசைத்தட்டின் ஒரு பாட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நிமிடம். அச்சிறு பொழுதுக்குள் கேட்போரைப் பிணிக்க வேண்டும். ஆகவே பாட்டின் தொடக்கத்தில் நாலைந்து விநாடிகளுக்கு ஒரு கிற்றார்த் தொடரை அமைப்பார். அத்தொடர் கேட்டவுடன் முதற்சொல் பிறக்குமுன்னரே இஃது இன்ன பாட்டு என்று கேட்போர் அறிந்துகொள்வர். கச்சேரியில் இராக ஆலாபனை செய்யும் பணியை, மிகச் சுருங்கிய அளவில், இம்முகவுரை செய்கின்றது எனலாம். இடையில் மீண்டும் வரும் கிற்றார், பாடியதைத் திரும்பச் சொல்லாது, சொல்லாமல் விட்டதைச் சொல்லும்.

இரண்டாவது, பிறர் மெட்டை இரவல் வாங்காமை. இந்தித் திரைமெட்டுகள் இரவலாகப் புழங்கிய காலத்தில் அவர் தாமே மெட்டமைத்தார். பல பாடல்களுக்குத் தாமே சொல்லும் அமைத்தார். கருவி பிறநாட்டது, மெட்டும் மொழியும் தம்முடையவை. இதுவே அவர் கொண்ட கொள்கை என்பது அவர் பாடல்களால் விளங்கும்.

மூன்றாவது, அடக்கம். மேனாட்டில் மின்கிற்றார்க் கலைஞர் சிலர் தம் விரல்வன்மையைக் காட்டுதலையே குறிக்கோளாகக் கொண்டனர். ஒரு பாட்டில் கிற்றார் மட்டும் பல நிமிடம் ஆரவாரிக்கும். கிளரன்ஸின் கிற்றார் அவ்வாறு செய்வதில்லை. பாட்டுக்குத் தேவையான அளவே அது பேசும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் அவர் கருத்தாயிருந்தார். நம் பக்கவாத்தியக்காரரிற் சிறந்தோரும் இவ்வியல்பாலேயே சிறந்தனர்.

1970 ஆம் ஆண்டளவில் அவர் மூன்ஸ்ரோன்ஸ் குழுவை விட்டு நீங்கிக் கோல்டன் சைம்ஸ் என்னும் குழுவைத் தொடங்கினார். பின்னர் மாலேவனவோடு மீண்டும் கூடிச் சுப்பர் கோல்டன் சைம்ஸ் குழுவை நடத்தினார். பிரிவும் கூட்டமும் இசைக்குழுக்களின் இயல்பே. ஒத்த மனத்தோர் கூடினாலும் ஒரே மேடையில் நெடுநாள் நிற்றல் அரிது. 1975 இல் எச். டி. பிரேமரத்ன நெறிப்படுத்திய 'சிகுருலியா' என்னும் திரைப்படத்துக்கு இசையமைத்துத் திரையுலகிலும் இடம்பெற்றார். பின்னர் மதாரா என்னும் குழுவையும் அமைத்தார். இசைத்தட்டு மறைந்து ஒலிநாடா வந்தது. பாட்டின் வடிவமும் வணிகமும் மாறின. புதிய தலைமுறைக் கலைஞர் பலர் அவர் அமைத்த மெட்டுகளாற் புகழடைந்தனர். 1996 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13 ஆம் நாள், தமது 53 ஆம் வயதில், அவர் காலமானார். அவர் பாடல்கள் இன்றும் பாடப்பட்டு வருகின்றன. அவர் முகத்தை ஒருபோதும் கண்டறியாத இளைஞர், கிற்றார் பழகத் தொடங்கும்போது அவருடைய முகவுரைத் தொடர்களையே முதலில் மீட்டிப் பார்க்கின்றனர்.

மறுப்பும் விடையும்

கிற்றார் அந்நியக் கருவி. அதனால் நம் இசை கெட்டது என்பாரும் உளர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. கிற்றாரின் மெட்டுகள் ஒரு சுரத்தானத்தை ஒரே நிலையில் நிறுத்துவன. நம் இராகங்களின் நுண்ணிய அசைவுகள் அதில் முழுமையாகப் பிடிபடுவது கடினம். சுரக்கூட்டங்களை ஒருசேர மீட்டும் முறையும் ஒற்றைச்சுர நடையினதாகிய நம் மரபுக்கு வேறுபட்டதே. இவை உண்மை.

ஆயின் பிடிலின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பாவினின்று வந்த அக்கருவியை முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கருநாடக இசைக்கு இசைவித்தனர். பிடித்தமுறையை மாற்றினர், சுருதி கூட்டும் முறையை மாற்றினர். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி அரிது. அதனை அந்நியக் கருவி என்று எவரும் சொல்வதில்லை. ஆர்மோனியத்தின் வரலாறு இதற்கு மாறானது. அதனை அகில இந்திய வானொலி 1940 இல் விலக்கியது. 1971 இலேயே அவ்விலக்குத் தளர்ந்தது. அவ்விலக்கு நடந்த முப்பதாண்டும் நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. கருவிக்கு வழங்கும் உரிமையை அதிகாரிகள் எழுதுவதில்லை. பாடுவோரும் கேட்போருமே எழுதுகின்றனர். தமிழகத்தில் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் கிற்றாரிலேயே கருநாடக இராகங்களை வாசித்தமையும், மாண்டலின் சீனிவாசன் மின்மாண்டலினைக் கச்சேரி மேடையில் ஏற்றியமையும் இதற்கு மேலும் சான்று.

ஈழத்துத் தமிழிசையிலும் இம்மாற்றம் நிகழாமலில்லை. 1960களின் பிற்பகுதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை மீட்டி, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே பொப்பிசைப் பாடல்களைப் பாடினார். அவர் பாடிய 'சின்ன மாமியே' நாடெங்கும் பரவியது. ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிய 'சுராங்கனி' பாக்குநீரிணையைக் கடந்து, 1977 இல் தமிழகத்துத் திரைப்படம் ஒன்றிலும் இடம்பெற்றது. மறுபுறம், நாகர்கோவிலிற் பிறந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முன்னோடிகளுள் ஒருவராய் விளங்கினார். மொழியால் மக்கள் பிரிக்கப்பட்ட அக்காலத்தில் மெட்டுகள் எல்லை அறியாது சென்றுவந்தன.

நமக்குரிய கடன்

இதுவரை கூறியவற்றால் ஒருவர் மகிழ்ந்து அமையலாம். நம் மாவட்டத்து மகன் ஒருவர் நாட்டின் இசையை மாற்றினார் என்பது பெருமையே. ஆயினும் அப்பெருமையின் அருகில் நிற்கும் மற்றொரு செய்தியையும் காணாது விடுதல் நேர்மையன்று.

கிளரன்ஸ் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அவர் பிறந்த மலையிலே, அவர் தந்தையாரைப் போன்றோரிடம் மருந்து வாங்கி வாழ்ந்த லயத்து மக்கள் நாடற்றோராயினர். அவர் இளைஞராகிக் கிற்றாரை ஏந்திய காலத்தில், 1964 இல், இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என இரு அரசுகளும் உடன்பட்டன. மக்கள் எண்களாயினர். மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் பாடல்கள் புகைவண்டி நிலையத்து வானொலியில் ஒலித்த அதே பத்தாண்டில், தட்டுமுட்டுச் சாமான்களோடு தலைமன்னாருக்குப் பயணம் புறப்பட்ட குடும்பங்களின் அழுகுரலும் அந்நிலையங்களில் ஒலிக்கத் தொடங்கியது. பதிவானது எது, பதிவாகாமற் போனது எது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

தோட்டத்துக்கும் இசை இருந்தது. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்த தப்பு, அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு முழங்கியது. பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தவமும் இரவிரவாக நடிக்கப்பெற்றன. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலையிற் பாடிய பாட்டும் இருந்தன. கோ. நடேசையரின் துணைவியாராகிய மீனாட்சியம்மையார், தொழிலாளர் துன்பத்தைப் பாட்டாக்கி மேடைதோறும் பாடினார். அப்பாடல்கள் 1940 இல் நூலாகவும் வெளிவந்தன. மெல்லிசை வெறும் பொழுதுபோக்கு என்பார்க்கு இவ்வம்மையாரே தக்க மறுமொழி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களை வாய்மொழியாய்க் கேட்டுத் திரட்டினார். அவர் 1984 இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி முற்றுப்பெற்றுவிட்டது என எவரும் சொல்லார்.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை கிடைத்தது. மக்களுக்குக் கிடைத்த அவ்வுரிமை அவர்தம் பாட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பாட்டு இந்நாட்டு இசையின் உறுப்பாவதற்குச் சட்டம் போதாது. அதனைக் கேட்டு, எழுதி, பதிந்து, மீண்டும் பாடுவோர் வேண்டும். மின்கிற்றார் இந்நாட்டில் உரிமை பெற்றது, ஒருவர் அதனைக் கொண்டு தம் மக்களின் மொழியிலே பாட முற்பட்டதனால். தப்பும் தாலாட்டும் நூறாண்டுக்கு மேலாக இம்மண்ணிலேயே ஒலித்தும் புறத்தே நிற்பது, அவற்றை எடுத்துரைப்பார் இன்மையால்.

மாணவர் இதற்கு என் செய்யலாம்? பெருஞ்செல்வம் வேண்டா. கையடக்கத் தொலைபேசியே இன்று ஒலிப்பதிவுக் கருவியாக உதவுகின்றது. விடுமுறைக்கு வீடு செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியார் அறிந்த ஒரு பாட்டையேனும் பதிந்து, அதன் சொற்களை எழுதி, எத்தோட்டத்தில் எப்பொழுது எத்தொழிலின்போது பாடப்பட்டது என்று குறித்துவைப்பாராக. தப்பு அடிக்கும் முதியவரிடம் சென்று, எச்சடங்குக்கு எவ்வடி என்று கேட்டறிவாராக. கிற்றார் பழகும் மாணவர் உளராயின், அவர் பிறர் மெட்டை மட்டும் மீட்டாது, தம் ஊர்ப் பாட்டொன்றை அதில் அமைத்துப் பார்ப்பாராக. அஃது இழுக்கன்று, அப்புத்தளைக் கலைஞர் காட்டிய வழியே அது.

மாலையில் பதுளையை நோக்கி வரும் புகைவண்டி அப்புத்தளையைக் கடந்து தெமோதரை வளைவைச் சுற்றி இறங்கும்போது, பயணிகள் தாளமிட்டுப் பாடிக்கொண்டு வருதல் உண்டு. சிங்களப் பாட்டும் வரும்; தமிழ்ப் பாட்டும் வரும். அப்பாட்டுகளிடையே லயத்துத் தாலாட்டு ஒன்றும் ஒருநாள் கேட்குமாயின், இம்மலையின் இசை வரலாறு நிறைவடையத் தொடங்கிற்று எனக் கொள்ளலாம்.